பின்வாசல் காற்று

“உள்ரூமை மூடிடுங்கப்பா.”

சின்னவள் சொல்லிவிட்டாள்.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். காலேஜுக்குப் போகணும் என்று கேட்டாள். பரம்பரையில் யாரும் மிதிக்காத படியை மிதித்தாள். கல்யாணப் பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள் என்றாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் எடுக்காமல் இருந்தார்கள். ஆனால் டீக்கடையில் சிகரெட் பிடிக்கிறவர்கள் உட்காரும் உள்ரூமைப் பற்றி மட்டும் அப்பாவிடம் வாயைத் திறக்கக் கூடாது.

“உங்கப்பாவுக்கு உயிர் நெஞ்சுக்குள்ள இல்லடி, அந்த ரூமுக்குள்ள இருக்கு. அதுல கை வச்சிடாதே” என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள்.

அப்பா பாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பால் பொங்குது. தள்ளி நில்லு.”

“பொங்கட்டும். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“நீ எங்க கேட்ட? உத்தரவுல்ல போட்ட!” கரண்டியால் ஒரு தட்டு தட்டிப் பாலை அடக்கினார். “வந்துட்டா வக்கீலு.”

அவள் படித்தது கணக்கு. ஆனாலும் வாய் அப்படி. அப்பா வைத்த பெயர் கடைக்கு வருகிறவர்கள் வாய்க்கெல்லாம் பரவி, வக்கீலம்மா ஆகிவிட்டது. கல்லாவுக்கு மேலே, கறுப்பு அங்கியும் தொப்பியுமாக அவள் பட்டம் வாங்கும் படம் தொங்கியது. தினமும் கடை திறந்ததும் அப்பா முதலில் துடைப்பது அந்தக் கண்ணாடியைத்தான்.

அப்படிப்பட்ட அப்பாவிடம்தான் இப்படி ஒரு வார்த்தை. சும்மா வந்துவிடவில்லை. நேற்று அண்ணியின் வயிற்றை ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா திரையிலிருந்து திரும்பாமலே கேட்ட ஒரு கேள்வி, ஆஸ்பத்திரியில் தொடங்கி வீடு வரைக்கும் கூடவே வந்திருந்தது.

“மாசத்துக்கு ஏத்த வளர்ச்சி இல்லையேம்மா. வீட்டுல யாரு சிகரெட் பிடிக்கிறாங்க?”

“யாரும் இல்லீங்க” என்றாள் அண்ணி. உண்மைதான். அப்பா ஆயுளில் ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்ததில்லை. அண்ணனும் அப்படித்தான். இருந்தும் வீட்டுக்கு வந்ததும் அம்மா, பெற்ற பிள்ளை கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள்.

“ஏம்மா, டீக்கடைக்காரன் சட்டையில சிகரெட் வாடை வராம சென்ட் வாடையா வரும்?” என்று அண்ணன் கத்தினான். கத்தி முடித்ததும் அழுதான்.

போன தடவை தொட்டில் வாங்கி, கட்டிய சணலைக்கூட அவிழ்க்காமல் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். இரண்டாம் தடவையும் அப்படி ஆகிவிடுமோ என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“உன் அண்ணி அந்த ரூம் பக்கம் கால் வச்சு எவ்வளவு காலமாச்சு, சொல்லு” என்றார் அப்பா. “முன்னாடிகூட வர்றதில்ல. பின்னாடி நிழல்ல சேரைப் போட்டு ராணி மாதிரி உட்கார வச்சிருக்கோம். இங்க பிடிக்கிற சிகரெட் சுவரைத் துளைச்சிக்கிட்டா போகுது?”

அவளிடம் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. சந்தேகத்தை வைத்து அப்பாவை ஜெயிக்க முடியாது.

“சட்டமே போட்டாச்சுப்பா. சாப்பிடற இடத்துல புகை பிடிக்கக் கூடாதுன்னு. மாட்டினா கடைக்கு சீல் வச்சிடுவாங்க.”

“சட்டம்!” அப்பா டம்ளரை டக்கென்று வைத்தார். “சிகரெட்டை விக்கலாம், அதுக்கு வரி வாங்கலாம், அதெல்லாம் சட்டம். வாங்கினவன் உட்கார்ந்து பிடிக்க நான் ஒரு பெஞ்சு போட்டா அது குற்றம். பெரிய ஓட்டல்காரன் கண்ணாடி ரூம் கட்டிக்கிட்டா ஆபீசர் சலாம் போடுவான். நான் பலகைக் கதவு போட்டா பூட்டு போடுவான். என் கடைம்மா இது. நான் யாரையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரலை. பிடிக்காதவங்க முன்னாடி உட்காரட்டும், இல்ல எதிர்க்கடைக்குப் போகட்டும். தெரிஞ்சு வர்றவன் தெரிஞ்சு பிடிக்கிறான். இதுல எவனுக்கு என்ன வந்துச்சு?”

அவளுக்கு எரிச்சலே அதுதான். அப்பா சொன்னதில் பாதி நியாயம்.

“இன்னொண்ணு” என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. “எவனோ நம்ம மேல புகார் எழுதிப் போட்டிருக்கான். இன்னைக்கு சுகாதார ஆபீசர் வர்றாங்களாம். கேட்டா, அது சாமான் போடற ரூம்னு சொல்லு.”

“நானா?”

“நான் சொன்னா டீ ஆத்தறவன் சொல்றதா இருக்கும். நீ சொன்னா நம்புவாங்க. அதுக்குத்தானே படிக்க வச்சேன்?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஆற்றிய டீயை டம்ளரில் ஊற்றாமல் பால் பாத்திரத்திலேயே கொட்டினார். அப்பாவின் கை தவறி அவள் பார்த்ததேயில்லை.

---

உள்ரூம் ஆட்கள் ரவுடிகள் அல்ல. அவர்களைப் போல மரியாதை தெரிந்தவர்களை முன்பெஞ்சில் தேடினாலும் கிடைக்காது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. மேஜைக்கு ஒரு தீப்பெட்டி கிடக்கும். படுக்க வைத்திருந்தால் பற்ற வைக்கலாம். யாருக்காவது இருமலோ, சளியோ, மனசு சரியில்லையோ, பேசாமல் தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் போதும். அது மறுபடி படுக்கும்வரை அந்த மேஜையில் ஒருவரும் கொளுத்த மாட்டார். ஏன் என்றும் கேட்க மாட்டார்.

“பொண்டாட்டிகிட்ட இல்லாத பயம் எனக்கு இந்தப் பெட்டிகிட்ட” என்பார் சிம்னி. லாரி ஓட்டுகிறவர். ஒன்றின் நெருப்பில் அடுத்ததைப் பற்ற வைப்பவர் என்பதால் அந்தப் பெயர்.

அன்று அவள் டீ கொண்டுபோனதும், சிம்னி சிகரெட்டை மேஜைக்குக் கீழே இறக்கி, வாயிலிருந்ததைச் சுவர்ப் பக்கம் திரும்பி ஊதினார்.

“வக்கீலம்மா, அண்ணிக்கு எப்படி இருக்கு?”

“பரவாயில்லண்ணே.”

“பரவாயில்லன்னு சொல்ற மூஞ்சியா இது?” என்றார் பக்கத்திலிருந்த தையல்காரர். ஊசியைப் பார்க்கிற மாதிரியே மனிதர்களையும் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பவர். “குழந்தைக்கு முதல் சட்டை என் கையாலதான். சொல்லிட்டேன்.”

“நீ தைச்சா அது பள்ளிக்கூடம் போறப்பதான் கிடைக்கும்” என்றார் சிம்னி. ரூமே சிரித்தது.

அவளும் சிரித்துவைத்தாள். தலைக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டம் வந்த புதிதில் அண்ணன் மாட்டியது. புகை முன்பக்கம் போகாமல், தெருவிலும் தெரியாமல் இருக்க அவனே யோசித்து, அவனே சுவரை உடைத்து மாட்டினான். எல்லாரும் அவன் மூளையைப் புகழ்ந்தார்கள்.

---

மத்தியானத்துக்கு மேல் வந்தார் அதிகாரி. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, வெயிலில் கறுத்துக் களைத்த ஒரு பெண்மணி. கூட யாருமில்லை. அதட்டவும் இல்லை. அதட்டியிருந்தால்கூடப் பயம் குறைந்திருக்கும்.

உள்ரூம் ஆட்களை அதற்குள் அனுப்பிவிட்டிருந்தார் அப்பா. மேஜைகளை ஓரம் தள்ளி, மேலே சர்க்கரை மூட்டையும் காலி டப்பாக்களும் அடுக்கியாகிவிட்டது.

“இது?”

“சாமான் போடற ரூம், மேடம்” என்றார் அப்பா.

“சாமானுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் எதுக்கு? மூட்டைக்கு வேர்க்குமா?”

அண்ணன் பாய்லரைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். அப்பா, “ஈரம் மேடம்... பூஞ்சை பிடிச்சிடுது...” என்று இழுத்தார்.

அதிகாரி கல்லாவுக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார்.

“நீங்களா இது? எங்க வீட்டுலயும் நான்தான் முதல்ல படிச்சவ. என் படமும் இப்படித்தான் தொங்குது.” லேசாகச் சிரித்தார். “நீங்க சொல்லுங்க. இந்த ரூம்ல யாராவது புகை பிடிக்கிறாங்களா?”

இதுதான் சமயம். காலையிலிருந்து அவள் நாக்கின் நுனியில் நின்ற வார்த்தை. அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தண்டனை கேட்க நிற்கிற பையன் மாதிரி. கடை மூடினால் இந்த மனிதன் எங்கே போய் நிற்பார்?

“இல்ல மேடம்” என்றாள் சின்னவள்.

அதிகாரி இன்னொரு தடவை ஃபேனைப் பார்த்தார்.

“சரி. படிச்சவங்க சொன்னா எழுதிக்கறேன். தெருக்கோடி வரைக்கும் பார்க்க வேண்டியிருக்கு. வர்றேன்.”

அவர் படியிறங்கியதும் அப்பா மகளின் தலையில் கை வைத்தார். “என் பொண்ணு!” என்றார். கண் கலங்கியிருந்தது. சின்னவள் அந்தக் கைக்குக் கீழேயிருந்து தலையை உருவிக்கொண்டாள். வாய்க்கொழுப்பு இருக்கிற அளவுக்கு நெஞ்சில் உரம் இல்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

---

ஆபத்து நீங்கியதைக் கொண்டாட உள்ரூம் மறுபடி நிறைந்தது. மூட்டைகள் இறங்கின, பெஞ்சுகள் வந்தன. தீப்பெட்டிகள் எல்லாம் படுத்தன. அடைத்து வைத்திருந்த ஆசையெல்லாம் சேர்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் கொளுத்தினார்கள். ஃபேனை அப்பா முழு வேகத்தில் வைத்தார்.

சின்னவள் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் பின்வாசலுக்குப் போனாள்.

பின்புறம் என்றால் பெரிய இடமில்லை. மூன்று பக்கமும் சுவர், மேலே தகரக் கூரை, ஒரு குழாய், கழுவும் தொட்டி. வயிறு தெரியத் தொடங்கியதும் அண்ணியை முன்பக்க நெரிசலிலிருந்து அம்மாதான் இங்கே மாற்றினாள். சாய்வு நாற்காலி, முதுகுக்குத் தலையணை, கால் வைத்துக்கொள்ள ஒரு முக்காலி. அண்ணி உட்கார்ந்தபடியே டம்ளர்களைத் துடைத்து அடுக்கினால் போதும். எந்த மாமியார் செய்வாள் இவ்வளவு?

“குட்டி, வா” என்றாள் அண்ணி. குரலில் உயிரில்லை.

“என்ன அண்ணி?”

“ஒண்ணுமில்ல...” டம்ளரை மடியில் வைத்தாள். “காலையில இருந்து அவ்வளவா அசையவே இல்ல. ஸ்வீட் தின்னு பார்த்தேன். பக்கம் மாறி உட்கார்ந்து பார்த்தேன். தூங்குதோ என்னவோ.”

சின்னவள் முக்காலி பக்கத்தில் குந்தினாள்.

“யார்கிட்ட சொன்னீங்க?”

“யார்கிட்ட சொல்ல? அத்தைகிட்ட சொன்னா அவங்க படுத்துடுவாங்க. உங்கண்ணன் அழுவார். சொல்லாம இருந்தா நிஜமில்லாம போயிடும்னு...” முடிக்காமல் எழுந்தாள். “இரு, தண்ணி குடிச்சிட்டு வர்றேன். நீ உட்கார். இந்த ஒரு இடத்துலதான் நல்லா காத்து வரும்.”

சின்னவள் உட்கார்ந்தாள். காற்று வந்தது.

பிடரி முடி பறந்தது. நல்ல காற்றுதான். மூன்று பக்கமும் சுவர் வைத்த இடத்தில், ஒரு இலைகூட ஆடாத மத்தியானத்தில், எங்கிருந்து வருகிறது? அதுவும் வெதுவெதுவென்று?

மெல்லத் தலையை நிமிர்த்தினாள்.

நாற்காலிக்கு நேர் மேலே, வெயில் தெரியாமல் இருக்கக் கட்டிய சாக்குத் துணிக்குப் பின்னால், சுவரில் ஒரு சதுரத் துவாரம். தகரப் பட்டைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. துவாரத்துக்குக் கீழே வெள்ளைச் சுவரில் பழுப்புச் சாறு வடிந்து காய்ந்திருந்தது. தலையணை உறை மஞ்சளாகிக் கிடந்தது. விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது.

உள்ளே சிம்னியின் சிரிப்பு கேட்டது. அடுத்த நொடி அவர் ஊதிய புகை சின்னவளின் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனது.

அண்ணன் ஃபேன் மாட்டியபோது இங்கே நாற்காலி இல்லை. அம்மா நாற்காலி போட்டபோது ஃபேனை யாரும் நினைக்கவில்லை. ஒருவன் புத்தியும் ஒருத்தி பாசமும் சேர்ந்து அண்ணியைக் கொண்டுவந்து சரியாக அந்தத் துவாரத்தின் வாயில் உட்கார வைத்திருந்தன. வாடை? கடையில் எங்கேதான் வாடை இல்லை. அண்ணி எதைப் பிரித்து அறிவாள்?

---

பலகைக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள்.

“அணைங்க! எல்லாரும் அணைங்க!”

தையல்காரர்தான் முதலில் எழுந்தார். “என்னம்மா ஆச்சு?”

“நீங்க விடற புகையெல்லாம் எங்க போகுதுன்னு தெரியுமா? பின்னாடி போகுது. எங்க அண்ணி தலையில போகுது. மாசக் கணக்கா அவங்கதான் உங்க எல்லாருக்கும் சேர்த்துப் பிடிச்சிட்டிருக்காங்க!”

சிம்னி கையிலிருந்ததை டீக்குள்ளேயே அமுக்கினார். தையல்காரர் தன் மேஜைத் தீப்பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். அது விழுந்தது. மறுபடி வைத்தார்.

“பெட்டியைக் கேட்டுக் கேட்டுத்தானேம்மா பிடிச்சோம்...” என்றார்.

“ரூம்ல இருக்கறவங்களைக் கேட்டீங்க.”

அப்பா வந்துவிட்டார். பின்னாலேயே அண்ணனும், வடைச் சட்டியை விட்டு அம்மாவும். எல்லாரும் பின்வாசலுக்குப் போனார்கள். அப்பா கையை உயர்த்தித் துவாரத்துக்கு நேராக வைத்தார். ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. காற்று அவர் விரல்களுக்கு இடையில் போனது. முகம் சாம்பலாகியது.

அம்மா தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, “நான்தானே... நான்தானே போட்டேன்...” என்றாள்.

அண்ணன் மனைவியைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

“சேரை அந்த மூலைக்கு மாத்திடலாம்” என்றார் அப்பா.

சின்னவள் தன் காதையே நம்பவில்லை. “என்ன சொன்னீங்க?”

“இப்போதைக்கு மாத்திடலாம். ரெண்டு வாரம் போகட்டும். ஆபீசர் கண் மறைஞ்சதும் ஃபேனைத் தெருப்பக்கம் திருப்பிடறேன். இன்னைக்குத் திருப்பினா புகை தெருவுக்குப் போகும், நாளைக்கே சீல் வச்சிடுவாங்க.”

“மூணு பக்கம் சுவர்ப்பா இது. மூலையில உட்கார்ந்தா புகை வழிகேட்டுத் திரும்பிப் போயிடுமா?”

“முதலாளி, நாங்க கொஞ்ச நாள் வரலை” என்றார் கதவோரம் நின்ற தையல்காரர். “அதுல என்ன?”

“நீங்க வராட்டி எதிர்க்கடைக்குப் போவீங்க. அங்க போனவன் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல.” அப்பாவின் குரல் உடைந்தது. “முன்பெஞ்சை நம்பி எந்த டீக்கடையும் நிக்கலைய்யா. இந்த ரூம்தான் என் வீட்டுல உலை வைக்குது. மூடிட்டா பொறக்கப்போற புள்ளைக்கும் சேர்த்து நான் எதைப் போடுவேன்?”

“பொறக்கணுமே அப்பா” என்றாள் சின்னவள்.

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். சொல்லக் கூடாத சொல். ஆனால் அது அத்தனை பேர் நெஞ்சிலும் நேற்றிலிருந்து உட்கார்ந்திருந்த சொல்தான். அண்ணி மெதுவாகத் தன் வயிற்றில் இரு கைகளையும் வைத்தாள்.

“இன்னும் அசையலை குட்டி” என்றாள்.

தகரப் பட்டைகள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தன. யாருக்கும் ஃபேனை நிறுத்தத் தோன்றவில்லை.

சின்னவள் அம்மாவின் கையை விலக்கினாள்.

“அண்ணா, அழுது முடிச்சதும் போகலாம்னு நிக்காதே. இப்பவே வண்டி பிடி. நேரா டாக்டரம்மாகிட்ட. ஃபேன், சேர், எல்லாத்தையும் சொல்லு. அம்மா, நீங்களும் போங்க.”

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். முப்பது வயது வரைக்கும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் அவன் எதையும் செய்திருக்கிறான்.

“அவரைப் பார்க்காதே. உன் பொண்டாட்டியைப் பாரு.”

“என் வண்டி வாசல்ல நிக்குதும்மா” என்றார் சிம்னி. “லாரிதான். ஆனா பஞ்சு மாதிரி ஓட்டுவேன். வாய்ல ஒண்ணும் இருக்காது, சத்தியமா.”

அண்ணியைத் தாங்கிக்கொண்டு அவர்கள் நகர்ந்தார்கள். சின்னவள் உள்ளே போய் ஃபேன் சுவிட்சை அணைத்தாள். கல்லாவைக் கடந்து வாசலுக்கு வந்தாள். அப்பா பின்னாலேயே வந்தார்.

“நீ எங்க போற?”

“தெருக்கோடிக்கு.”

அவருக்குப் புரிந்துவிட்டது. “வேணாம்மா.” அதட்டல் இல்லை. அதட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். “பெத்த அப்பனைக் காட்டிக் குடுக்கப் போறியா?”

“இல்ல. முதல்ல என்னைத்தான் காட்டிக் குடுக்கப் போறேன். படிச்சவ பொய் சொன்னான்னு.”

“கடை போயிடும்டி.”

“போனாலும் போகும்.” வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கும் பயமா இருக்குப்பா. ரொம்ப பயமா இருக்கு.”

பதிலுக்காக அவள் நிற்கவில்லை. படியிறங்கினாள். லாரி ஒரு பக்கம் உறுமிக் கிளம்பியது. மறு பக்கம், தெருவின் கடைசிக் கடையிலிருந்து வெளியே வந்த அதிகாரி ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்தார். குறுக்கே ஓயாமல் வண்டிகள் வந்தன; ஒருவரும் வழிவிடவில்லை. சின்னவள் ஒரு கையை நீட்டி அவற்றை நிறுத்திக்கொண்டே நடுரோட்டில் இறங்கினாள்.